பிரசவ அறையில் ஓர் உபாத்தியாயினி

மருத்துவச்சித் தொழிலைக் கற்க வரும் பெண்ணுக்கு வகுப்பறையாக வாய்ப்பது மற்றொரு பெண்ணின் பிரசவ வேதனை. கரும்பலகையில் தவறாக எழுதியதைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவது போல அங்கே எதையும் அழித்துத் திருத்த இயலாது. அதற்காகத் தொடாமலே ஒதுங்கி நிற்கவும் முடியாது, ஏனெனில் இன்று தொட்டுப் பழகாத கை நாளை ஏதோ ஒரு துணைச் சுகாதார நிலையத்தில், நள்ளிரவில், உடன் ஒருவரும் இல்லாமல் நிற்கும்போது என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. இந்த இரண்டு நிர்ப்பந்தங்களுக்கும் நடுவே, தாயின் க்ஷேமத்துக்கும் மாணவியின் அப்பியாசத்துக்கும் ஒரே சமயத்தில் ஜவாப்தாரியாகக் கட்டிலருகே நிற்கிறவர் ஒருவர் உண்டு. செவிலியர் கல்லூரிகளில் அவரைக் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் என்பார்கள். மாணவிகளுக்கு அவர் 'மேடம்', பழைய ஆஸ்பத்திரி வழக்கப்படி 'சிஸ்டர்'. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் மிட்டாய் வழங்கும் குடும்பத்தார் டாக்டரை நினைப்பார்கள், நர்ஸை நினைப்பார்கள். அந்த நர்ஸின் கைக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுத்தவரை நினைக்க அவர்களுக்குச் சந்தர்ப்பமே இல்லை.

நம் நாட்டில் இந்தப் பயிற்சிக்கு நெடிய சரித்திரம் உண்டு. சென்னை எழும்பூரில் இன்று பெரிய தாய் சேய் நல மருத்துவமனையாக விளங்கும் ஸ்தாபனம் 1844-ஆம் ஆண்டில் பிரசவ ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது. அதன்பின் பத்தே ஆண்டுகளில், 1854-இல், மருத்துவச்சிகளுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியும் சென்னையில் ஏற்பட்டது. 1926-இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டமும், 1947-இல் இந்தியச் செவிலியர் குழுமத்துக்கான சட்டமும் வந்தன. இன்று ஏ.என்.எம். படிப்பு இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு என்று பல வழிகள் இருக்கின்றன. இவற்றுக்கு மேல், பிரசவத்தை மட்டுமே தன் தொழிலாகக் கொள்ளும் மருத்துவச்சியரை உருவாக்க, மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி பதினெட்டு மாதத் தனிப் பயிற்சியும் வகுக்கப்பட்டிருக்கிறது.

எந்த வழியில் வந்தாலும் மாணவியின் கையில் ஒரு கேஸ் புக் இருக்கும். இத்தனை கர்ப்பிணிகளைப் பரிசோதித்தேன், இத்தனை பிரசவங்களை நடத்தினேன் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இதில் மிகக் கண்டிப்பானது: மருத்துவச்சியாகத் தகுதி பெற 40 பிரசவங்களை மாணவி தானே நடத்தியிருக்க வேண்டும், போதிய பிரசவங்கள் கிடைக்காத இடங்களில் அதை 30 வரை குறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேற்கொண்டு 20 பிரசவங்களில் அவள் உதவியாளாகப் பங்கெடுத்திருக்க வேண்டும். எண்ணிக்கை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பத்துப் பிரசவம் பார்த்த கைக்கும் நாற்பது பார்த்த கைக்கும் வித்தியாசம் உண்டு. ஆயினும் நாற்பது முறையும் பின்னாலிருந்து ஒருவர் அதட்டிக்கொண்டும், இடையில் கையைத் தட்டிவிட்டுத் தாமே முடித்துக்கொண்டும் இருந்தால், கேஸ் புக் நிறைந்துவிடும்; மாணவியின் உள்ளத்தில் மட்டும், தனியே விட்டால் என்னால் ஆகாது என்ற எண்ணம் நாற்பது தடவை உறுதிப்பட்டிருக்கும்.

அந்த எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த அவர், 1977-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில், 'இந்தக் காரியம் என்னால் ஆகும்' என்ற நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து சுரப்பதாகச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம் முதலாவது. தன்னை ஒத்தவர் செய்து ஜெயிப்பதைக் கண்ட அனுபவம் இரண்டாவது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை மூன்றாவது. தன் தேகமும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை நான்காவது. இவற்றுள் முதலாவதே மிக வலியது என்பது அவர் முடிவு. பிரசவ வார்டில் ஒரு நாள் கூர்ந்து நின்று பார்க்கிறவருக்கு, நல்ல ஆசிரியைகள் பண்டூராவைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் இந்த நான்கு ஊற்றுகளையும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது பிரத்தியட்சமாகத் தெரியும்.

செய்து ஜெயித்த அனுபவம் வேண்டும். ஆனால் உயிரோடு விளையாடக் கூடாது. இந்தச் சிக்கலுக்கு ஒரு யுக்தியைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்த பெண்மணியை இந்த இடத்தில் நினைக்காமல் இருப்பது நன்றி மறந்ததாகும். பிரான்சு தேசத்தில் மதாம் து கூத்ரே என்று வழங்கப்பட்ட மருத்துவச்சியை, நாட்டுப்புறங்கள் தோறும் சென்று பிரசவம் பார்க்கும் பெண்களுக்குப் போதிக்கும்படி, 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் நியமித்தார். அந்தப் பெண்களில் பலருக்கு எழுத்து வாசனை கிடையாது. புத்தகத்தைக் காட்டியோ, உடற்கூற்றுச் சொற்களைச் சொல்லியோ பயனில்லை. ஆகவே து கூத்ரே அம்மையார் துணியும் தோலும் பஞ்சும் கொண்டு, பெண்ணின் இடுப்புப் பகுதியை உயிரளவில் தைத்து அமைத்து, பிறப்பு வழி விரிந்து கொடுப்பதைக் காட்ட வார்களும் நாடாக்களும் பொருத்தி, அதனுள்ளிருந்து வெளிவர ஒரு துணிச் சிசுவையும் செய்தார். அந்தச் சிசுவின் வாய்க்குள் விரல் நுழையும். கால் முன்னாக வரும் பிரசவத்தில் தலையை எப்படித் தாழ்த்தி எடுப்பது என்பதைப் பழகுவதற்காகவே அப்படி அமைத்தார். 'இயந்திரம்' என்றே அதற்குப் பெயர். ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவர் இவ்விதம் போதித்தார். அவருடைய இயந்திரங்களில் ஒன்று ருவான் நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. படிப்பறிவில்லாத கிராமத்துப் பெண்ணின் விரல்களுக்கு அறிவு உண்டு என்று நம்பி, அந்த விரல்களுக்குப் பாடம் நடத்திய அம்மையாரை நினைக்கும்போது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டாகிறது.

இன்றைய செவிலியர் கல்லூரிகளின் செயல்முறைக் கூடங்களில் அந்தத் துணிப் பொம்மையின் வம்சத்தைக் காணலாம். அவற்றில் ஒன்றை விசேஷமாகச் சொல்ல வேண்டும். முற்காலத்தில் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த நார்வே தேசத்து லார்டால் நிறுவனம், ஆசிரியை தன் வயிற்றின் மேல் கட்டிக்கொள்ளும்படியான ஒரு பிரசவ மாதிரியைச் செய்திருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு ஆசிரியை மேசைமேல் சாய்ந்துவிட்டால், அந்த நேரத்துக்கு அவரே தாய். உள்ளிருக்கும் பொம்மைச் சிசுவை அவர் விரும்பும் வேகத்தில் வெளியே தள்ளலாம். நஞ்சு வெளிவரச் செய்யலாம். செந்நீரைப் பெருகவிட்டு உதிரப்போக்கைக் காட்டலாம். அதைவிட முக்கியமாக, அவர் பேசலாம். "ஐயோ, முடியலையே!" என்று கத்துவார், "என்னம்மா பண்றே, சொல்லிட்டுத் தொடக்கூடாதா?" என்று கேட்பார், தலை வெளிவரும் சமயத்தில், "இப்ப முக்கட்டுமா வேண்டாமா?" என்று பதறுவார். மாணவி கையால் தலையைத் தாங்கிக்கொண்டே வாயால் சமாதானம் சொல்லக் கற்கிறாள். வார்டில் திகைத்துப்போகும் மாணவிகளில் பெரும்பாலோர் கைவேலை தெரியாமல் திகைப்பதில்லை. கைவேலையும் பேச்சும் ஒரே நேரத்தில் கேட்கப்படும்போதுதான் திகைக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிறந்த சிசு மூச்சு விடாமல் இருப்பது மாணவிகள் கனவிலும் கண்டு நடுங்கும் காட்சி. ஏறத்தாழப் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்கச் சிறிது உதவி தேவைப்படும். துடைத்து, முதுகை வருடிக் கொடுத்தால் பெரும்பாலானவை அழுதுவிடும். எஞ்சிய சிலவற்றுக்கு முகத்தில் முகமூடியை வைத்துப் பையை அழுத்திக் காற்றுக் கொடுக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பிற அமைப்புகளோடு சேர்ந்து 2010-இல் தொடங்கிய ஒரு பயிற்சித் திட்டம், இது முழுவதும் பிறந்த முதல் நிமிடத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று வற்புறுத்தி, அந்த நிமிடத்தைப் 'பொன் நிமிடம்' என்று அழைத்தது. கடிகார முள் ஓடும்போது செய்ய வேண்டியதை யோசித்துச் செய்ய இயலாது. யோசனை முன்பே முடிந்திருக்க வேண்டும். அதனால் நல்ல ஆசிரியை இதை வகுப்பில் ஒரு நாள் காட்டிவிட்டு விடுவதில்லை. டியூட்டி தொடங்கும்போதெல்லாம் பொம்மைக்கு இரண்டு நிமிடம் காற்றுக் கொடுத்துவிட்டுப் போ என்பார். முகமூடி சரியாகப் பொருந்தினால் பொம்மையின் மார்பு எழும், பொருந்தாவிட்டால் எழாது. அந்த மார்பு எழுவதைத் தன் கண்ணால் ஐம்பது தடவை பார்த்த மாணவிக்கு, 'உனக்கு வரும், பயப்படாதே' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தையல் போடுவது, கொடியைக் கட்டி வெட்டுவது போன்ற கைவேலைகளுக்கு, பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1998-இல் விளக்கிய நான்கு படி முறையைப் பல ஆசிரியைகள் பின்பற்றுகிறார்கள். முதலில் ஆசிரியை ஒன்றும் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவார். அடுத்தபடி மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே செய்வார். மூன்றாவதில் செய்பவர் ஆசிரியை. ஆனால் அடுத்து என்ன என்று சொல்ல வேண்டியவள் மாணவி. கடைசியில் அவளே சொல்லி அவளே செய்வாள். மூன்றாவது படிதான் இதன் உயிர்நாடி. தன் சொல்லுக்கு ஆசிரியையின் தேர்ந்த கை கீழ்ப்படிந்து நடப்பதைக் காணும் மாணவி, தனக்குத் தெரிந்திருக்கிறது என்பதைத் தன் கையை நம்புவதற்கு முன்பே அறிந்துகொள்கிறாள்.

பொம்மையை விட்டு மனிதப் பெண்ணிடம் வரும்போது முதல் காரியம் அனுமதி. "அம்மா, இந்தப் பொண்ணு நர்சிங் படிக்கிறா. உங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கணும்னு நினைக்கிறா. நான் பக்கத்துலயே இருப்பேன். பார்க்கட்டுமா?" என்று ஆசிரியை கேட்கும் அந்தச் சில வார்த்தைகள் தாய்க்கு உரிய மரியாதையைச் செய்கின்றன, மாணவிக்கும் ஒரு ஸ்தானத்தை அளிக்கின்றன. அறிமுகமே இல்லாமல் கட்டிலைச் சுற்றி நிற்கும் பத்துப் பேரில் ஒருத்தியாக இருப்பது வேறு. பெயர் சொல்லி முன்னிறுத்தப்பட்டவளாக இருப்பது வேறு.

வயிற்றைத் தொட்டுக் குழந்தை கிடக்கும் விதத்தை அறிவது நான்கு நிலைகளில் செய்யும் பரிசோதனை. ஆசிரியை தாம் முன்பே பார்த்து வைத்ததைச் சொல்லாமல் மாணவியைக் கேட்கிறார்.

"குழந்தையோட முதுகு எந்தப் பக்கம்னு நினைக்கிறே?"

"இடப்பக்கம்னு நினைக்கிறேன், மேடம்."

"எதை வச்சுச் சொல்றே?"

"அந்தப் பக்கம் நீளமா, சமமா தட்டுப்படுது. இந்தப் பக்கம் சின்னச் சின்னதா நகருது, கை காலா இருக்கும்."

"சரி. அப்ப துடிப்பை எங்கே வச்சுக் கேட்பே?"

மாணவி ஃபீட்டோஸ்கோப்பை இடப்பக்கம் வைக்கிறாள். நிமிடத்துக்கு 110-க்கும் 160-க்கும் இடையே இருக்க வேண்டிய அந்தத் துடிப்பு அவள் காதில் விழுகிறது. இந்தச் சிறு உரையாடலில் ஒரு முழுப் போதனா முறை அடங்கியிருக்கிறது. 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர் சிலர் இதை ஐந்து படிகளாக வகுத்தார்கள்: முதலில் மாணவியை ஒரு முடிவைச் சொல்லச் செய், அந்த முடிவுக்கு ஆதாரம் கேள், பொதுவான ஒரு விதியைக் கற்பி, சரியாகச் செய்ததை இன்னதென்று சொல், பிழையைத் திருத்து. ஆசிரியை விடையை முதலில் சொல்லியிருந்தால் மாணவி தலையாட்டியிருப்பாள். துடிப்புத் தான் குறித்த இடத்திலேயே கேட்டது என்பது, அவள் விரல்கள் கண்டது மெய் என்பதற்குக் குழந்தையே அளித்த சாட்சி. விரல்கள் கண்டது பொய்யாகப் போயிருந்தாலும் குற்றமில்லை. துடிப்பைத் தேடிச் சென்று தன் பிழையைத் தானே அவள் அறிந்திருப்பாள்.

பிறகு பிரசவம். இங்கே ஆசிரியையின் கைகளைக் கவனித்தால் போதும், பயிற்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் பிரசவங்களில் மாணவியின் கைமேல் ஆசிரியையின் கை இருக்கும். தலை வெடுக்கென்று வந்து தசை கிழியாதபடி எவ்வளவு அழுத்தம் கொடுத்துத் தாங்குவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக வேண்டிய செய்தி. அடுத்த கட்டத்தில் ஆசிரியையின் கை உறையணிந்து பக்கத்தில் காத்திருக்கும், தொடாது. கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று பார், தோள் திரும்பட்டும், அவசரப்படாதே என்று வாய் மட்டும் பேசும். அதற்கும் பின், வாயும் ஓய்ந்து, கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தேர்ந்த கையைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தொழில் தெரிந்தவர்களே அறிவார்கள். மாணவி பத்து விநாடி தயங்குகிறாள். ஆசிரியைக்கு அந்த வேலை ஒரு விநாடி. அந்தத் தயக்கத்தில் தாய்க்கோ சிசுவுக்கோ அபாயம் இல்லையென்றால், ஆசிரியை அதைப் பொறுத்துக்கொண்டாக வேண்டும்; அபாயம் உண்டென்றால் ஒரு கணமும் பொறுக்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்தறியும் பரிபக்குவமே அவருடைய தொழில் ரகசியம் என்று நான் கருதுகிறேன்.

அபாயம் வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளும் ஆசிரியைகள் உண்டு. "நான் 'கையை எடும்மா'ன்னு சொன்னா உடனே எடுத்துடணும். ஏன்னு அப்புறம் சொல்றேன். அது உன்மேல கோபம் இல்லை" என்று காலையிலேயே சொல்லிவிட்டால், பிற்பகலில் அந்த வார்த்தையைச் சொல்ல நேரும்போது மாணவி அதை அவமானமாகக் கொள்ளமாட்டாள்.

சிசு தாயின் வயிற்றின்மேல் கிடத்தப்படுகிறது. முதல் நிமிடத்துக்குள் பத்து யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்துக் கொடியை வெட்டுதல். அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் கொடியை நிதானமாக இழுத்து நஞ்சை வெளிக்கொணர்தல். அந்த நஞ்சைத் தட்டில் விரித்து, அதன் துண்டங்கள் அனைத்தும் இருக்கின்றனவா, சவ்வு முழுமையாக வந்ததா என்று பார்க்கும் வேலையை ஆசிரியை முதலில் மாணவிக்கே விட்டு, பிறகு தாமும் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது. உள்ளே ஒரு துண்டு தங்கிவிட்டால் தாய்க்கு உதிரப்போக்கு ஏற்படலாம்; அவ்வளவு கனமான ஒரு தீர்ப்பைச் சொல்ல அவளை நம்புகிறார்கள் என்பது எந்தப் புகழ்ச்சியையும்விட மாணவியின் மனத்தில் ஆழப் பதியும்.

புகழ்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பண்டூரா சொன்ன மூன்றாவது ஊற்று வற்றிப்போகக் கூடியது. 'நல்லா பண்ணினே' என்பது காதில் இனித்து மறுநாள் மறந்துபோகும். 'தலை வரும்போது நீ அந்த அம்மாவோட முகத்தைப் பார்த்துட்டே பேசினே, அதான் அவங்க அவசரப்பட்டு முக்காம இருந்தாங்க' என்று, நடந்த ஒன்றைப் பிடித்துச் சொல்லும் சொல்லோ, அடுத்த பிரசவத்தில் அவளுக்குக் கருவியாகப் பயன்படும். இதைவிட மேலான சொல் தாயிடமிருந்து வருவது. மறுநாள் பிரசவத்துக்குப் பிந்திய வார்டுக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வா என்று ஆசிரியை அனுப்பினால், கட்டிலில் குழந்தையோடு கிடக்கும் பெண், "நேத்து நீதானே தாயி என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தே" என்பாள். கேஸ் புக்கில் அதற்குக் கட்டம் கிடையாது.

இரண்டாவது ஊற்றை ஆசிரியைகள் சில சமயம் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ள சிஸ்டர் அநாயாசமாகப் பிரசவம் பார்ப்பதைக் கண்டு மாணவிக்குப் பக்தி உண்டாகுமேயன்றித் தைரியம் உண்டாவதில்லை. தன்னைவிட ஆறு மாதம் மூத்தவளான விடுதித் தோழி, கை சற்று நடுங்கியும் சரியாகச் செய்து முடிப்பதைக் காணும்போதுதான் 'அக்காவுக்கு வந்தது எனக்கும் வரும்' என்று தோன்றும். ஆகவே மூத்த மாணவியையும் புதிய மாணவியையும் ஒரே டியூட்டியில் இணைத்துப் போடுவது செலவில்லாத ஒரு பெரிய உபாயம்.

இனி, சொல்லக் கசப்பான விஷயம். நம் பிரசவ அறைகள் பலவற்றில் அதட்டல் ஒரு சம்பிரதாயமாகவே இருந்துவருகிறது. அதட்டினால்தான் ஜாக்கிரதை வரும் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அப்படி அதட்டப்பட்டு வளர்ந்தவர்களே. அவர்களுடைய எண்ணம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் விளைவு வேறு. அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த எமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஒற்றுமையோடு இயங்கிய வார்டுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, அங்கேதான் அதிகமான பிழைகள் பதிவாகியிருந்தன. காரணத்தைத் துருவியபோது, அந்த வார்டுகளில் பிழையை வெளியே சொல்லப் பயமில்லை என்பது விளங்கியது; மற்ற இடங்களில் பிழைகள் மறைக்கப்பட்டன. பிரசவ அறையில் மறைக்கப்படும் பிழை என்ன செய்யும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. துடிப்பு எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லப் பயந்து, கேட்டதாக 140 என்று எழுதிவைக்கும் மாணவியை உருவாக்குவது அவளுடைய சோம்பேறித்தனம் அல்ல, அவளைச் சூழ்ந்திருக்கும் பயம்.

இதைவிட மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. தாயின் முன்னால் அதட்டப்படும் மாணவி இரண்டு பாடங்களைக் கற்கிறாள்: தான் எதற்கும் உதவாதவள் என்பது ஒன்று, வலியிலும் பயத்திலும் இருப்பவளிடம் அதட்டிப் பேசலாம் என்பது மற்றொன்று. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ காலப் பரிந்துரைகள், தாயை மரியாதையோடும் கண்ணியத்தோடும் நடத்துவதைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே வைத்திருக்கின்றன. அந்தக் கண்ணியத்தைச் சுவரொட்டியால் கற்பிக்க முடியாது. ஆசிரியை மாணவியிடம் பேசும் குரலே நாளை மாணவி தாயிடம் பேசும் குரல்.

எல்லாப் பிரசவமும் சுபமாக முடிவதில்லை. குழந்தை பிறந்த பின் கருப்பை இறுகாமல் தளர்ந்து கிடக்க, அரை லிட்டருக்கு மேல் உதிரம் போய், டாக்டர்கள் ஓடிவந்து போராடித் தாயைக் காப்பாற்றும் இரவுகள் உண்டு. சிசு கைக்குத் தங்காமல் போகும் இரவுகளும் உண்டு. அங்கே ஓரமாக நின்றிருந்த மாணவியை யாரும் கவனிப்பதில்லை. டியூட்டி முடிந்து விடுதிக்குச் சென்று, தன் கையால்தான் எல்லாம் நேர்ந்தது என்று முடிவு கட்டிக்கொண்டு, இந்தப் படிப்பே வேண்டாம் என்று அழுகிற பெண்கள் இருக்கிறார்கள். அன்றே அவளை ஒரு டீ குடிக்க அழைத்துச் சென்று, என்ன பார்த்தாய், எப்போது உனக்குச் சந்தேகம் வந்தது, யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவளுடைய பங்கு எவ்வளவு, விதிவசம் எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டுகிற ஆசிரியை செய்வது மிகப் பெரிய உபகாரம். அடுத்த பிரசவத்தை அதிக நாள் தள்ளிப்போடாமல், ஆனால் பக்கத்தில் நெருங்கி நின்று, அவளையே நடத்தச் செய்வது அதன் இரண்டாம் பாகம்.

தைரியத்தைப் பற்றிப் பேசும்போது அசட்டுத் தைரியத்தையும் விலக்க வேண்டும். தன்னால் எல்லாம் ஆகும் என்று நினைக்கும் மருத்துவச்சி, பயந்த மருத்துவச்சியைவிட ஆபத்தானவள். தன்னால் ஆகாத இடத்தை அறிந்து தக்க நேரத்தில் குரல் கொடுப்பதும் தன்னம்பிக்கையின் பகுதியே. எல்லாவற்றிலும் கடினமான பகுதி என்றும் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் படிவத்தில் ஒவ்வொரு அளவுக்கும் எச்சரிக்கை எல்லை அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய எண்ணை வட்டமிட்டுக் காட்டும் மாணவி, தன் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லுவதாகக் கூசத் தேவையில்லை. படிவம் அவளுக்காகப் பேசுகிறது. இருந்தாலும் இரவு இரண்டு மணிக்குத் தூங்கும் டாக்டரைப் போனில் எழுப்ப வேண்டியவள் அவளே. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் உருவாகி மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு பேச்சு முறை இதற்கு உதவுகிறது: இப்போதைய நிலைமை, அதன் பின்னணி, நான் கண்டது, எனக்கு வேண்டியது என்ற நான்கையும் இந்த வரிசையில் சொல்லிவிட வேண்டும். ஆசிரியைகள் இதைப் போன் இல்லாமலே ஒத்திகை பார்க்கச் செய்கிறார்கள். "சார், மூணாம் கட்டில். தலைப்பிரசவம், ஒன்பது மாசம் நிறைஞ்சிருக்கு. குழந்தைத் துடிப்பு வலி முடிஞ்ச பிறகும் நூறுலயே நிக்குது. இடதுபக்கம் திருப்பிப் படுக்க வச்சிட்டேன். நீங்க உடனே வந்து பார்க்கணும்." இந்தக் கடைசி வாக்கியத்தைக் குரல் தடுமாறாமல் சொல்ல வைப்பதற்குப் பத்து ஒத்திகை தேவைப்படும். தேவைப்பட்டால் பதினைந்து செய்வதிலும் தவறில்லை.

இவ்வளவையும் ஒரு தனி மனுஷியின் தலையில் சுமத்துவது நியாயமா என்று கேட்கலாம். ஓர் ஆசிரியையின் பொறுப்பில் ஏராளமான மாணவிகள் நிற்கும் வார்டுகளில், அவர் யாருடைய கைமேல் கை வைப்பார், யாருக்காகப் பின்வாங்கி நிற்பார்? பெரிய போதனா மருத்துவமனைகளில் மருத்துவ மாணவர்களுக்கும் செவிலிய மாணவிகளுக்கும் ஒரே பிரசவங்களே பங்கிடப்பட வேண்டியிருக்கிறது. அந்தப் பங்கீட்டில் செவிலிய மாணவி பின்தள்ளப்படுவது சகஜம். கல்லூரியில் வகுப்பு எடுக்கும் ஆசிரியைகள் சிலருக்கு வார்டில் தாமே பிரசவம் பார்க்கும் வாய்ப்பு அற்றுப்போய் ஆண்டுகள் ஆகிவிடுகின்றன; தம் கையின் பழக்கம் குறைந்துவிட்டவருக்கு மாணவியின் தயக்கத்தைப் பொறுக்கும் நிதானம் எங்கிருந்து வரும்? ஆசிரியைகளும் மாதத்தில் சில நாளாவது பிரசவ அறையில் பொறுப்பேற்று வேலை செய்ய வேண்டும், ஒருவர் பார்வையில் விடும் மாணவிகளின் தொகை குறைய வேண்டும் என்பவை கல்லூரி நிர்வாகங்கள் செய்யக்கூடிய காரியங்களே.

மற்றொன்றும் செய்யலாம். பிரிட்டனில் 2018 முதல், மாணவியைத் தினந்தோறும் வார்டில் மேற்பார்த்துக் கற்பிக்கிறவர் ஒருவராகவும், அவள் தேறினாளா என்று தீர்ப்புச் சொல்கிறவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை என்று கற்பிக்கிறவரிடம் மாணவி துணிந்து சொல்லலாம். அவர் மார்க் போடப் போகிறவர் அல்லர். நம்மிடம் ஆட்பற்றாக்குறையால் இரண்டு வேலையையும் பெரும்பாலும் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில், இன்று கற்கும் நாள், இன்று கேட்கும் எந்தக் கேள்விக்கும் மார்க் குறையாது, மதிப்பிடும் நாளை ஒரு வாரம் முன்பே சொல்லுவேன் என்று டியூட்டி தொடங்கும்போது ஆசிரியை அறிவித்துவிட்டு, அந்த வாக்கைக் காப்பாற்றினால், அதற்குப் புதிய நியமனமோ புதிய செலவோ வேண்டியதில்லை.